வயசாச்சு, அவ்வளவுதான்!

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டு வந்து, இந்தப் பக்கத்தில் எழுதினேன். உங்களில் பலருக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. காரணம், வெட்கம்.

அந்தக் கட்டுரையில் ஒரு பாட்டி வருவார். 'வீங்கிய கால்களை நீட்டியபடி, வராத மகனுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதியிருந்தேன். எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. கடிதங்கள் வந்து குவிந்தன. 'படித்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்தேன்', 'அந்த மகன் நல்லா இருப்பானா?', 'கலிகாலம் ஸார்'. வழக்கமான வரவேற்பு. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு இன்லேண்ட் லெட்டர் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ரிட்டையர்டு நர்ஸ் ஒருவர் நாலே வரிகள் எழுதியிருந்தார். 'அந்த அம்மாவுக்குக் கால் ஏன் வீங்கியிருந்தது என்று கேட்டீர்களா? இதயமாக இருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார வைத்ததாலும் இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளுக்கே கால் வீங்கும். மாத்திரையை மாற்றினால் சரியாகிவிடும். நீங்கள் அதை சோகம் என்று எழுதிவிட்டீர்கள்.'

சாட்டையடி. நான் வர்ணித்தது ஒரு நோயின் அறிகுறி. அதைக் கவிதை என்று நினைத்துக்கொண்டேன். ஆயிரக்கணக்கில் படித்தவர்களில் ஒருவருக்குத்தான் அது அறிகுறியாகப் பட்டது. மற்ற எல்லோரும் என்னோடு சேர்ந்து மூக்கைச் சிந்தினார்கள்.

அதற்கப்புறம் முதுமை பற்றி நாம் எடுத்த படங்களையும் எழுதியவற்றையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். 1970-ல் வந்த 'வியட்நாம் வீடு' ஞாபகமிருக்கிறதா? பிரெஸ்டீஜ் பத்மநாபன் ரிட்டையர் ஆன மறுநாளிலிருந்து வீட்டில் அவர் மரியாதை இறங்க ஆரம்பிக்கும். சிவாஜியின் நடிப்பில் அரங்கமே அழுதது. அந்த அழுகை நம் பொதுச் சொத்தாகிவிட்டது. அதன் வாரிசுகள் இன்றைக்கும் டி.வி. சீரியல்களில் தினம் வந்துபோகிறார்கள். ஃபார்முலா மாறவே இல்லை. உத்தமமான அப்பா, கல்நெஞ்சு மகன், அவனைவிட ஒரு டிகிரி கூடுதலான மருமகள், கடைசி ஸீனில் முதியோர் இல்லத்தின் இரும்பு கேட். இந்தக் கதைகள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று, 'குற்றவாளி யார்?' பதில் கிடைத்ததும் நமக்குத் திருப்தி. டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

விதிவிலக்குகள் உண்டு. 1989-ல் பாலு மகேந்திரா எடுத்த 'சந்தியா ராகம்'. சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தக் கிழவர் தெய்வமல்ல. உறவுக்காரப் பையனின் சின்ன வீட்டுக்குள் வந்து, தெரியாமல் தப்புகளும் செய்கிற மனிதர். அந்த வீட்டுக்காரர்களும் அரக்கர்கள் இல்லை. சம்பளம் போதாதவர்கள், இடம் போதாதவர்கள். 2017-ல் 'ப.பாண்டி'யில் ராஜ்கிரணின் மகன், அப்பா மேல் பிரியமாகத்தான் இருக்கிறான். அந்தப் பிரியமே மூச்சு முட்டுகிறது. 2019-ல் 'கே.டி. என்கிற கருப்புதுரை', தென் மாவட்டங்களில் ரகசியமாகப் பேசப்படும் 'தலைக்கூத்தல்' என்ற கொடுமையைச் சிரிப்பும் நெகிழ்ச்சியுமாகத் தொட்டது.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, 2020-ல் திரைக்கு வந்த பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்'. ஒரு வயதான வாட்ச்மேன், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுகிறார். அங்கிருந்து கதை தலைக்கூத்தலை நோக்கி நகர்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் மகனைத் திட்டினார்கள், ஊரைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். ஆனால், அந்த இடுப்பெலும்பைக் கவனியுங்கள். இந்தக் கொலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிழவருக்கு இடுப்பு முறிந்தால் சீக்கிரமே ஆபரேஷன் செய்து, முடிந்தால் மறுநாளே எழுப்பி உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து நாலு அடி நடக்கப் பழக்குவார்கள். வைத்திய உலகத்துக்கு இது தெரிந்த விஷயம். படுக்கையில் போட்டால் தசை கரையும், நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும். அப்புறம் அவர் 'பாரம்'. ஒரு மனிதர் பாரமாகப் பிறப்பதில்லை ஸார், ஆக்கப்படுகிறார். இதை எல்லாப் படங்களையும்விட நெருக்கமாகக் காட்டிய படம் அது. நாமோ அதிலும் வில்லனைத்தான் தேடினோம்.

இவ்வளவு கறாராக விமர்சனம் பண்ண எனக்கு என்ன யோக்யதை என்று கேட்பீர்கள். என் அப்பா.

அப்பா ஆர்.எம்.எஸ்-ஸில் சார்ட்டராக இருந்தவர். ஓடும் ரயிலில், ஆடும் விளக்கு வெளிச்சத்தில், முப்பது வருஷம் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் பையில் போட்டவர். எண்பத்திரண்டு வயதுவரை தினமும் பேப்பர், சுடோகு, யாரோடாவது அரசியல் சண்டை என்று தெளிவாக இருந்தார். ஒரு மார்கழியில் ஜலதோஷம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு மாத்திரை. இருமலில் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, போர்வையை மடித்து மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், மானாமதுரை கட்டைக் கொண்டுபோய்ப் பரமக்குடி பையில போட்டுட்டியே, வண்டி கிளம்பப் போகுதுடா!"

என்னை யாரென்று தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். "மூளை சுருங்கியிருக்கு ஸார். வயசாச்சு, அவ்வளவுதான். இனிமே இப்படித்தான் இருப்பார். வீட்டுல வெச்சுப் பார்த்துக்குங்க." கையைக் காலை ஆட்டாமலிருக்க இன்னொரு மாத்திரை எழுதினார்.

நான் நம்பிவிட்டேன். அதுதான் விஷயம். படித்தவன், பத்திரிகைக்காரன், எதையும் கேள்வி கேட்பவன் என்று பெயர் வாங்கியவன், 'வயசாச்சு' என்ற ஒற்றை வார்த்தைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அம்மாவிடம், "தயாரா இரும்மா" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

நண்பர் ஒருவர் பிடிவாதமாக, முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படித்த ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் சொன்னது: "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க." கொண்டுபோய்க் கொட்டினோம். பதினோரு வகை. நான்கு டாக்டர்கள், நான்கு காலகட்டங்களில் எழுதியவை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அப்புறம் கேள்விகள். சரியாக மோஷன் போய் எத்தனை நாளாச்சு, எந்தக் காது கேட்கும், கண்ணாடி எங்கே, ராத்திரி பாத்ரூமில் லைட் எரியுமா, என்ன செருப்பு போடுவார்? அரை மணி நேரம். கடைசியில் ஜலதோஷ மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் புதிதாகச் சேர்ந்ததையும் ஓரமாக ஒதுக்கினார். "இது மறதி நோய் இல்லை, திடீர் மனக்குழப்பம். பெரும்பாலும் சரியாயிடும். கண்ணாடியைப் போட்டு விடுங்க, பகல்ல வெளிச்சத்துல உட்கார வைங்க, நீங்க யாருன்னு அடிக்கடி சொல்லுங்க."

பத்தாம் நாள் அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டு, "என்னடா இவன் இப்படிப் பேசியிருக்கான்?" என்று ஒரு மந்திரியைத் திட்டினார். அந்தத் திட்டைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். முழுத் தெளிவோடு இருந்தார், தெளிவோடு போனார். நான் முதல் டாக்டரை நம்பியிருந்தால் அந்த மூன்று வருஷம் கிடையாது.

(உடனே வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை நீங்களே நிறுத்தி வைக்காதீர்கள். அது இன்னும் ஆபத்து. மஞ்சள் பையை டாக்டரிடம் கொண்டுபோங்கள், போதும்.)

அந்த டாக்டர் மந்திரவாதி இல்லை. அவர் ஒரு படிப்பைப் படித்திருந்தார், முந்தையவர் அதைப் படிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். முதியவர்களுக்குப் பொதுவாக ஆகாத மருந்துகளைப் பட்டியல் போட்டு மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டரும் சகாக்களும் 1991-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் பலமுறை திருத்தி விரித்துவிட்டார்கள். அப்பா சாப்பிட்ட மாதிரி ஜலதோஷ மாத்திரை வகையும், தூக்க மாத்திரை வகையும் அதில் இருக்கின்றன.

இந்தப் படிப்பின் பூர்வ கதையே சுவாரஸ்யமானது. 'ஜெரன்டாலஜி', முதுமையியல், என்ற வார்த்தையை 1903-ல் உண்டாக்கியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகாஃப். தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று தீவிரமாக நம்பியவர். (நம்மூர்த் தயிர்சாதக் கட்சி குறித்துக்கொள்ளவும். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக.) 'ஜெரியாட்ரிக்ஸ்', முதியோர் மருத்துவம், என்ற வார்த்தையை 1909-ல் தந்தவர் நியூயார்க் டாக்டர் இக்னாட்ஸ் நாஷர். மாணவராக இருந்தபோது ஏழைகள் விடுதி ஒன்றில் ஒரு கிழவி வலி என்று புலம்ப, அவர் கேஸ் என்னவென்று நாஷர் கேட்டாராம். கூட வந்த ஆசிரியர், 'முதுமைதான். ஒன்றும் செய்ய முடியாது' என்று நகர்ந்துவிட்டாராம். 'வயசாச்சு, அவ்வளவுதான்'! அதே வசனம். அந்த பதில் உறுத்தியதால்தான் ஒரு துறையே பிறந்தது.

1935-ல் லண்டன் பக்கம் மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம், எழுநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட ஒரு விடுதி வந்து சேர்ந்தது. 'தேறாத கேஸ்' என்று வருஷக்கணக்கில் படுக்கையில் விடப்பட்ட கிழவர்கள். அவர் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவராகச் சோதித்து, யாருக்கு என்ன என்று பிரித்தார். எழுந்து நிற்க வைத்தார், நடக்க வைத்தார், வார்டுக்கு நல்ல வெளிச்சம் கொடுத்தார். நிறைய பேர் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு வார்த்தைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெரியாட்ரிக்ஸ் டாக்டர்களுக்கானது. ஜெரன்டாலஜி அதைவிட அகலம். உடம்பு எப்படி மூப்படைகிறது, மனசு எப்படி மாறுகிறது, பென்ஷனும் சொத்தும் சட்டமும் என்ன செய்கின்றன, வீட்டை எப்படிக் கட்டினால் வழுக்கி விழமாட்டார்கள், தனிமைக்கு என்ன வழி? எல்லாம் சேர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1967-லேயே முதுகலைப் பட்டமாக வந்துவிட்டது. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1975-ல் இதற்கென்றே தனிப் பள்ளி ஆரம்பித்தது. சமூகவியல், உளவியல், நர்சிங், கட்டடக்கலை, ஏன் பி.காம். படித்தவர்கள்கூட இந்தப் பக்கம் வரலாம். வகுப்பறையோடு முடியாது. மாதக்கணக்கில் முதியோர் இல்லத்திலும் பகல் காப்பகத்திலும் வேலை பார்த்தால்தான் பட்டம்.

நாம் ஒன்றும் பின்தங்கி ஆரம்பிக்கவில்லை. டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் புறநோயாளிகள் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே முதல் முறையாக முதியோர் மருத்துவத்தில் எம்.டி. வந்தது 1996-ல், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். அந்த முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே நாற்பத்தாறு வருஷம். அதற்குள் என் அப்பா தலைமுறை முழுக்க வந்து போய்விட்டது.

இன்னொரு வேடிக்கை. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்? 'பெற்றோரைக் கைவிட்டால் மூன்று மாதம் ஜெயில்' என்று. அது 24-வது பிரிவு. மேடையில் கைதட்டல் வாங்குவது அதுதான். அதே சட்டத்தின் 20-வது பிரிவை யாராவது மேற்கோள் காட்டிக் கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் முதியோருக்குத் தனி வசதி இருக்க வேண்டும், முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள ஒரு டாக்டர் அதற்குத் தலைமை தாங்க வேண்டும், வரிசையில் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது. சட்டத்திலும் நாம் வில்லன் பகுதியை மட்டும்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம்! மகன் செய்ய வேண்டியதைக் கேட்கிறோம். ஆஸ்பத்திரி செய்ய வேண்டியதைக் கேட்பதில்லை.

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது பதினெட்டாகும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. குழந்தைகளைப் பற்றிப் படிக்க எத்தனை கோர்ஸ், எத்தனை டீச்சர்கள்! கிழவர்களைப் பற்றிப் படிக்க?

கோர்ஸ்கள் வர ஆரம்பித்திருக்கின்றன, மறுக்கவில்லை. சமீபத்தில் ஒரு கல்லூரியின் கையேடு கைக்கு வந்தது. பெயர் வேண்டாம். அட்டையில், பல் விளம்பரம் மாதிரி சிரிக்கும் வெள்ளைமுடித் தம்பதி. உள்ளே, 'வெளிநாட்டில் வேலைவாய்ப்பு' என்று கொட்டை எழுத்து. பாடத்திட்டத்தில் அமெரிக்க மெடிகேர் பற்றி ஒரு அத்தியாயம். நம்மூர் முதியோர் உதவித்தொகை பற்றி ஒரு வரி இல்லை. தமிழ்நாட்டில் அதை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது 2023-ல். அதை வாங்க ஒரு கிழவி எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டும், விரல் ரேகை தேய்ந்துபோனதால் மெஷின் ஒப்புக்கொள்ளாமல் திரும்பி வருகிறாளே, அது எந்த அத்தியாயம்? கணவன் போன பிறகு மூன்று பிள்ளைகள் வீட்டில் நான்கு மாதம் வீதம் சுற்றிவரும் அம்மாக்கள் எந்த அத்தியாயம்? இந்தப் பக்கத்தில் பார்த்தால் சீரியல், அந்தப் பக்கத்தில் பார்த்தால் போட்டோகாப்பி. நடுவில் இருக்கிற நம் கிழவிதான் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் மேல் மாடிப் பெண், சைக்காலஜி முடித்தவள், போன மாதம் வந்தாள். "அங்கிள், ஜெரன்டாலஜி மேலே படிக்கலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட நீங்க பேசணும்."

பேசினேன். அவள் அப்பா பாங்க்கில் வேலை. நேராகவே கேட்டார். "ஸார், தப்பா நினைக்காதீங்க. படிச்சு முடிச்சா இவ என்ன வேலைக்குப் போவா? ஆயா வேலைக்கா?"

இதைக் கேட்டதும் பிரசங்கம் பண்ணத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். நியாயமான கேள்வி. சில வாரப் பயிற்சியோடு வீட்டுக்கு வரும் அட்டெண்டருக்கும் முதுகலை படித்தவருக்கும் வித்தியாசம் தெரியாதது அவர் தப்பில்லை. நம் ஆஸ்பத்திரிகளுக்கே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் பெரியவரை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று திட்டம் போடுவது, மறதி நோய்க்காரர்களின் பகல் காப்பகத்தை நடத்துவது, முதியோர் இல்லத்தை ஒழுங்காக நிர்வாகம் செய்வது, ரிட்டையர் ஆகப்போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது என்று வேலை மலை மாதிரி இருக்கிறது. பதவிதான் இல்லை. வேலை இருக்கிறது, வேலைவாய்ப்பு இல்லை. இந்த விசித்திரத்தைச் சரிசெய்யாமல் கோர்ஸ் மட்டும் திறப்பது, ஸ்டேஷன் கட்டாமல் டிக்கெட் விற்கிற மாதிரி.

"சம்பளம் இப்போதைக்குக் கம்மிதான் ஸார்" என்று உண்மையைச் சொன்னேன். "தனியார் இல்லங்கள், தொண்டு நிறுவனங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள்... அங்கேதான் தேடணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க அம்மா தினம் எத்தனை மாத்திரை சாப்பிடறாங்க?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். யோசித்தார். "தெரியலையே" என்றார்.

பெண் சொன்னாள், "ஒன்பதுப்பா. அதுல ரெண்டு ஒரே மருந்து, வேற வேற பேர்ல. நான் போன வாரம்தான் பார்த்தேன். டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி என்னம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நர்ஸம்மாவின் கடிதம் வந்த வாரமே நான் அந்த முதியோர் இல்லத்துக்கு மறுபடி போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வாரக் கட்டுரைக்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது. போனது எட்டு மாதம் கழித்து. அந்தப் பாட்டியின் கட்டிலில் வேறொரு பாட்டி இருந்தார். விசாரித்தேன். ஆபீஸில் இருந்தவர் ரெஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வயசாச்சு ஸார்" என்றார்.

கால் ஏன் வீங்கியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.